பீலித் தண்ணியும் ரேடியேட்டர் மூடியும்

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியா வசந்த காலத்துக்குப் பாதிக் கொழும்பே கிளம்பி வரும். அவிசாவளையில் தொடங்கும் ஏ7 வீதி கித்துல்கலையைத் தாண்டி கினிகத்தேனையை நோக்கி ஏறத் தொடங்கியதுமே, பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரங்கட்டி நிற்கும் வாகனங்களும் தென்படத் தொடங்கும். எங்கே மலைத்தண்ணிப் பீலி ஒன்று கொட்டுகிறதோ அங்கே ஒரு வேன் நிற்கும். ஒருவர் சோடாப் போத்தலில் தண்ணி பிடிப்பார். இன்னொருவர் பழந்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் பார்ப்பார். மூன்றாமவர் பக்கத்தில் நின்று, "மலை ஏறினா எஞ்சின் ஹீட் ஆகத்தான் செய்யும்" என்று ஞானம் வழங்குவார். இந்தப் பதிவு அந்த மூன்றாமவரோடு நான் நடத்தும் வாக்குவாதம்.

என் கட்சி இதுதான். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் எதுவும் ஹட்டன் ஏற்றத்திலோ ரம்பொடை ஏற்றத்திலோ கொதிக்க வேண்டிய அவசியமே இல்லை. கொதிக்கிறதென்றால் அதன் கூலிங் சிஸ்டம் கீழே, சமதரையில், மாதக் கணக்காகக் கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஏற்றம் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். அதைக் கெடுத்ததில் பெரிய பங்கு அந்தச் சோடாப் போத்தலுக்கு. அழுத்தம் ஏற்றி மூடி வைக்க வேண்டிய ஒரு சுற்றை, குறையக் குறைய ஊற்றிக்கொள்ளும் திறந்த பானையாக நாம் நடத்துகிறோம். எங்கள் தலவாக்கலைப் பக்கத்தில் இந்தப் பழக்கம் வேர்விட்டதில் ஆச்சரியமில்லை. ஒரு பக்கம் சென் கிளேயர், ஒரு பக்கம் டெவன், டவுனை ஒட்டி மேல் கொத்மலை நீர்த்தேக்கம், வளைவுக்கு வளைவு பீலி. தண்ணிக்குக் காசு கிடையாது. காசு கொடுத்து வாங்குகிற கூலன்ட்டை யார் நினைப்பார்கள்?

முதலில் வெப்பக் கணக்கு. பெற்றோலில் உள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பல நேரம் அதற்கும் குறைவு, சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே சூடான புகையாக வெளியேறுகிறது. மீதி எஞ்சினின் உலோகத்தில் இறங்குகிறது. அதைத் தண்ணீர் ஏந்திக்கொண்டு ரேடியேட்டருக்கு வர வேண்டும், ரேடியேட்டர் காற்றில் விட வேண்டும். அதாவது எஞ்சின் எவ்வளவு உழைக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு வெப்பத்தை ரேடியேட்டர் வெளியே தள்ளியாக வேண்டும். சரி, மலையேற எவ்வளவு உழைப்பு? ஐந்து பேரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மீற்றருக்கு 6 மீற்றர் உயரும் சாலையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறினால், ஒவ்வொரு விநாடியும் அரை மீற்றர் உயர்கிறது. அதற்கு 6 கிலோவாட் போதும். டயர் உராய்வையும் சேர்த்தால் ஏழரை. இப்போது அதே காரைத் தெற்கு அதிவேக வீதியில் கொட்டாவையிலிருந்து காலிக்கு, 100 கிலோமீற்றர் வேகத்தில் விடுங்கள். எதிர்க்காற்றைக் கிழிக்கவும் டயரை உருட்டவும் சுமார் 12 கிலோவாட் வேண்டும். கினிகத்தேனை ஏற்றத்தைவிட காலிக்குப் போகும் தட்டைச் சாலையில்தான் எஞ்சின் கூடுதலாக உழைக்கிறது, கூடுதலாக வெப்பம் கக்குகிறது. அங்கே கொதிக்காத எஞ்சின் இங்கே ஏன் கொதிக்கிறது?

வித்தியாசம் காற்றில் இருக்கிறது. 100இல் ஓடும் காரின் முகத்தில் காற்று அறைகிறது. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறி சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் அந்த வேகத்தில் ஒன்றும் தெரியாது. 30இல் ஏறும் காருக்கு அந்தக் கொடை கிடையாது. எல்லாம் விசிறி தலையில். அதிவேக வீதியில் மறைந்து கிடந்த பழுதெல்லாம் இங்கே வெளிப்படுவதற்கு முதல் காரணம் இதுதான். தேய்ந்த விசிறி மோட்டார், ஒட்டிப்போன ரிலே, உடைந்த விசிறிக் கூடு, வேன்களில் வழுக்கும் விசிறி கிளட்ச் எதுவாக இருந்தாலும் சமதரையில் கொழும்புக்குப் போய்வரும்வரை அதைப் பற்றி உரிமையாளருக்குத் துப்பே கிடைக்காது. பலருக்கு வழியில் ஒன்றும் ஆகாமல் ஹட்டன் டவுன் நெரிசலில் வந்து நின்றதும் ஊசி ஏறுவதற்கும் காரணம் இதே. ஏற்றத்தில் சேர்ந்த சூடு உலோகத்தில் இருக்கிறது, வண்டி நின்றுவிட்டது, விசிறிக்கு மட்டும் வேலை.

இங்கே ஒரு மறுப்பு வரும். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடுகிறதே, மெலிந்த காற்று எப்படிக் குளிர்விக்கும்? நியாயமான கேள்வி. தலவாக்கலை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். தலவாக்கலையில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிடப் பத்துச் சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைகிறது. விசிறி அதே கன அளவுக் காற்றைத் தள்ளினாலும் அதில் சரக்குக் குறைவு. ஆனால் குளிரைக் கணக்கில் எடுக்க மறந்துவிடுகிறோம். ரேடியேட்டர் விடும் வெப்பம், தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. 90 பாகைத் தண்ணீரும் 30 பாகைக் கொழும்புக் காற்றும் என்றால் இடைவெளி 60. இங்கே 18 பாகைக் காற்று என்றால் இடைவெளி 72. மெலிவால் இழந்ததைக் குளிர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, கொஞ்சம் மிச்சமும் வைக்கிறது. ஆகவே உயரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதென்றால் காற்றின் பெயரால் ஏற்ற முடியாது.

உயரம் உண்மையிலேயே விளையாடும் இடம் ஒன்று உண்டு. அது கொதிநிலை. நுவரெலியாவில் சமைப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. திறந்த சட்டியில் பருப்பு லேசில் வேகாது, ஏனென்றால் அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. தலவாக்கலையில் 96. பிரஷர் குக்கரை மூடியதும் பிரச்சினை தீர்கிறது. எஞ்சினின் கூலிங் சிஸ்டமும் அந்தக் குக்கர்தான். அதன் வெயிட், ரேடியேட்டர் மூடி. ஜப்பான் கார்களின் மூடியைப் பார்த்தால் 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் பொறித்திருக்கும். சிலவற்றில் 88 அல்லது 108 கிலோபாஸ்கல் என்று இருக்கும். 1.1 மூடி சரியாகப் பிடித்தால் கடல்மட்டத்தில் வெறும் தண்ணீர்கூட சுமார் 122 பாகை வரை கொதிக்காது. அதே மூடியோடு நுவரெலியாவில் 118. நான்கு பாகைதான் வித்தியாசம், எந்த எஞ்சினும் அதைப் பொருட்படுத்தாது. மூடி பிடிக்கவில்லை என்று வையுங்கள். அப்போது 118 இருந்த இடத்தில் 94. பல கார்களில் மின்விசிறியே 95 பாகையை ஒட்டித்தான் ஓடத் தொடங்கும். விசிறி விழிப்பதற்கு முன்னாலேயே தண்ணீர் கொதித்துவிடும்! கொழும்பில் அதே கெட்ட மூடியோடு 100 பாகை வரை இடமிருந்தது, விசிறி வந்து காப்பாற்றியது, யாருக்கும் தெரியவில்லை. மலை ஏறியதும் அந்தச் சில பாகை அவகாசம் போய்விட்டது. மூன்றாமவர் சொல்லும் "மலை ஏறினா" என்பதில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். அந்த உண்மையும் மூடி கெட்டவருக்கு மட்டுமே பொருந்தும்.

அந்த மூடியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், ஆறிய எஞ்சினில். கழற்றித் திருப்பினால் உள்ளே ஒரு வில், அதன் முனையில் வட்டமான ரப்பர் வளையம், நடுவில் சின்னதாக ஒரு வால்வு. சூட்டில் தண்ணீர் விரியும்போது வில்லை எதிர்த்து ரப்பர் தூக்கிக்கொடுக்க, மிஞ்சியது குழாய் வழியே ரிசேர்வ் போத்தலுக்குப் போகிறது. எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, நடுவிலிருக்கும் சின்ன வால்வு திறந்து போத்தலில் இருந்ததை மீண்டும் இழுத்துக்கொள்கிறது. இந்தப் போக்குவரத்து ஒழுங்காக நடந்தால் ஒரு சொட்டுக்கூட வெளியேறாது, ஒரு குமிழிக் காற்றுக்கூட உள்ளே வராது. ரப்பரை நகத்தால் தொட்டுப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலோ, உதட்டில் வெடிப்பு ஓடியிருந்தாலோ, வளையத்தில் செம்மண் நிறத்தில் துருச்சேறு அப்பியிருந்தாலோ அந்த மூடி முடிந்தது. நடு வால்வு ஒட்டிக்கொண்டால் இன்னொரு கூத்து: காலையில் பொனட்டைத் திறந்தால் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும், போத்தலில் மட்டும் தண்ணி நிறைந்திருக்கும். போத்தல் நிறைந்திருக்கிறதே என்று திருப்திப்படுபவர்கள் நிறைய. ரேடியேட்டருக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைப் போத்தல் சொல்வது மூடி நன்றாக இருந்தால் மட்டுமே. முழு வண்டியிலும் விலை குறைந்த பாகங்களில் ஒன்று இது. ஆனால் பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ரேடியேட்டர் வாங்குகிறவர்கள், அதோடு வந்த பழைய மூடியையே போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பொருந்துகிறது என்பதற்காக 1.1 இருந்த இடத்தில் வேறெந்த வண்டியின் மூடியையோ மாட்டுவதும் நடக்கிறது.

அடுத்தது தண்ணி. "நம்ம ஊர்த் தண்ணி சுத்தமான மலைத் தண்ணி, யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி மாதிரி உப்புப் படியாது, இதை ஊத்தினா என்ன?" என்று கேட்பார்கள். பாதி சரி. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர் கேத்திலின் அடியில் படிவதைப் போலவே ரேடியேட்டரிலும் படியும். மலைநாட்டின் பழம்பாறைகள் வழியே வரும் தண்ணீர் மென்மையானது, அந்தப் படிவு குறைவு. ஆனால் படியாத தண்ணீர் அரிக்காத தண்ணீர் ஆகிவிடாது. பீலியில் கொட்டி வரும் தண்ணீரில் காற்று நிறையக் கலந்திருக்கும், மழை நாளில் வண்டலும் சேரும். அது போய்ச் சேரும் இடத்தில் அலுமினிய ஹெட், பல எஞ்சின்களில் வார்ப்பிரும்பு ப்ளொக், அலுமினிய ரேடியேட்டர், இரும்புத் தகட்டு அடைப்புகள். வேறுவேறு உலோகங்களை ஒரே தண்ணீரில் நனைத்து வைத்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். இதைத் தடுக்கத்தான் கூலன்ட்டில் அரிப்புத் தடுப்பான்கள் சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு முறை ஒரு போத்தல் பீலித் தண்ணி ஊற்றும்போதும் அந்தத் தடுப்பான் நீர்த்துப்போகிறது, புதிய ஒட்சிசன் உள்ளே போகிறது. துரு சேறாகி, ரேடியேட்டரின் தீக்குச்சி அகலக் குழாய்களில் அடியிலிருந்து படிந்து வரும். பாதிக் குழாய்கள் அடைத்த ரேடியேட்டர் கொழும்பு ஓட்டத்துக்குத் தாங்கும், ஏற்றத்துக்குத் தாங்காது. அங்கே கொதித்து மீண்டும் தண்ணி கேட்கும். மீண்டும் பீலி. இந்தச் சுழலைத்தான் நான் முதலிலிருந்தே குற்றம் சாட்டுகிறேன்.

"கூலன்ட் என்பது பனி கொட்டுகிற நாட்டுக்காரன் உறையாமல் இருக்க ஊத்துறது, நமக்கு எதுக்கு?" என்பது கராஜ்களிலேயே கேட்கும் வாதம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி பிடித்துத் தேயிலைக் கொழுந்து கருகுவது உண்டுதான். ஆனால் ரேடியேட்டரை உறையவைக்கும் அளவுக்கு அது போவதில்லை, அந்தக் காரணத்துக்காகக் கூலன்ட் வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பாதிக்குப் பாதி கிளைகோல் கலந்த தண்ணீரின் வெப்பக் கொள்ளளவு வெறும் தண்ணீரைவிடக் குறைவு. ஆகவே கூலன்ட் ஊற்றினால் அதிகம் குளிரும் என்று விளம்பரப்படுத்துவதும் பொய்தான். அது செய்வது வேறு வேலைகள். கொதிநிலையைச் சில பாகை தூக்குகிறது. உலோகத்தை அரிக்காமல் காக்கிறது. வோட்டர் பம்ப்பின் சீலைக் காக்கிறது. முதலாம் ஆண்டு ஒன்றும் தெரியாது, ஐந்தாம் ஆண்டில் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தால் தெரியும். கடையில் பச்சை நிறத் தண்ணீரையே கூலன்ட் என்று கட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள், நிறத்தை நம்பி வாங்கக் கூடாது. சாதாரண வகையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நீண்டகால வகை கூடுதலாக வரும், வண்டியின் கையேடு சொல்வதே சட்டம்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் வெறும் தண்ணியிலேயே இதே மலையில் ஐம்பது வருஷம் ஓடவில்லையா? ஓடின. இன்றும் நுவரெலியாவில் மொரிஸ் மைனர்கள் ஓடுகின்றன. ஆனால் அவை கொதிக்கவும் செய்தன. பீலியில் போத்தல் பிடிக்கும் பழக்கமே அந்த வண்டிகள் கற்றுக்கொடுத்ததுதான், அந்த வண்டிகளுக்கு அது சரியான பழக்கமும்கூட. அவற்றின் ப்ளொக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். இரும்பு ஹெட் ஒருமுறை கொதித்தால் முகம் சுளித்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்துவிடும். 1956இல் வந்த மொரிஸ் மைனர் 1000இன் 948 சிசி எஞ்சின் 37 குதிரைவலு தந்தது. இன்று தலவாக்கலைத் தெருவில் ஓடும் 660 சிசி ஜப்பான் டர்போ கார் 64 தருகிறது. அதைவிடச் சின்ன எஞ்சின், ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை, சுற்றி ஓடும் தண்ணீரும் குறைவு. அதன் ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியும். தண்ணீர் குறைந்து ஹெட்டில் நீராவிப் பை உண்டானால், எக்ஸோஸ்ட் வால்வுகளுக்கு நடுவிலுள்ள உலோகம் நிமிடங்களில் வரம்பு மீறிவிடும். ஹெட் வளையும், கெஸ்கட் போகும். பழைய வண்டி மன்னித்த தவறை இந்த வண்டி மன்னிக்காது. வண்டி மாறிவிட்டது, பழக்கம் மட்டும் மாறவில்லை. போதாததற்கு, சூடேறிய அலுமினிய ஹெட்டில் பதினைந்து, பதினெட்டுப் பாகைப் பீலித் தண்ணியை ஊற்றுகிறோம். வெடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வருவோம். எஞ்சின் ஒருமுறை கொதித்தால் பல கராஜ்களில் செய்யும் முதல் வைத்தியம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "அதுதான் தண்ணியை அடைக்குது, எடுத்துட்டா ஃப்ரீயாப் போகும்." சிக்கிப்போன தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நியாயம், அந்த இடத்தில் புதியதைப் போடாமல் விடுவது அநியாயம். தெர்மோஸ்டாட் 82 பாகையை ஒட்டித் திறக்கத் தொடங்கி எஞ்சினை ஒரே சூட்டில் வைத்திருக்கிறது. அது இல்லாமல் நானுஓயாக் காலைக் குளிரில் ஓடும் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவே வராது. பெற்றோல் அதிகம் குடிக்கும், ஒயிலில் பெற்றோல் இறங்கும், தேய்மானம் கூடும். இதெல்லாம் மெதுவான கேடு. உடனடிக் கேடு ஒன்றும் இருக்கிறது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, கீழ்த் தட்டு பைபாஸ் வழியை மூடும். முழுவதையும் எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரின் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். சமதரையில் பிரச்சினை இல்லை. ஏற்றத்தில் சூட்டை இறக்க ரேடியேட்டருக்கு முழுத் தண்ணீரும் தேவைப்படும் நேரத்தில் காலை வாரும். கழற்றியதால் சூடு கூடியதைப் பார்த்த சில மெக்கானிக்குகள், "தண்ணி வேகமா ஓடுறதால ஆற நேரமில்லை" என்று விளக்கம் கண்டுபிடித்தார்கள். அது தவறு. மூடிய சுற்றில் வேகமாக ஓடும் தண்ணீர் அதே வேகத்தில் மறுபடி மறுபடி ரேடியேட்டருக்கு வருகிறதே. உண்மையான காரணம் திறந்து கிடக்கும் பைபாஸ்.

சுமையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்பீர்கள். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து தோட்டத்துக்கு வரும் வேனில் ஆசனத்துக்கு இருவர், மேலே கூரையில் மூட்டை. கொழுந்து லொறிகளின் கதை தனி. எடை எவ்வளவு கூடுகிறதோ ஏற்றத்தில் வெப்பமும் அதே விகிதத்தில் கூடும், இதில் மறுப்பில்லை. அளவுக்கு மீறி ஏற்றினால் நல்ல கூலிங் சிஸ்டமும் திணறலாம். ஆனால் அதற்கும் ஓட்டுநர் கையில் ஒரு பரிகாரம் இருக்கிறது. வோட்டர் பம்ப் பெரும்பாலான வண்டிகளில் பெல்ட்டில் ஓடுகிறது, பெரிய டீசல் வண்டிகளில் விசிறியும் அப்படியே. மூன்றாம் கியரில் எஞ்சின் முனகிக்கொண்டு இழுக்கும்போது பம்ப்பும் விசிறியும் மந்தமாகச் சுற்றும், சிலிண்டருக்குள் அழுத்தமோ உச்சத்தில் இருக்கும். இரண்டாவதுக்கு இறக்கினால் எஞ்சின் சத்தம் கூடும், கூடவே தண்ணீரும் காற்றும் கூடும். சத்தம் கூடினால் டீசல் குடிக்கும் என்று பயந்து பெரிய கியரிலேயே ஏற்றும் ஓட்டுநர்கள் சேமிப்பதைவிட இழப்பது அதிகம். ஏசியும் சேர்ந்துகொள்ளும். அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று சூடான காற்றைக் கொடுக்கிறது. வட்டவளைக் குளிரில் ஏசி எதற்கு என்று கேட்கலாம். மூடுபனியில் முன்கண்ணாடியைத் துடைக்க அதுதான் வழி, ஆகவே யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆட்டோக்களுக்கு இந்தத் தண்ணி வழக்கே கிடையாது, அவை காற்றிலும் ஒயிலிலும் ஆறுகின்றன. ஒயிலைக் குறையவிட்டால் அவையும் அதே ஏற்றத்தில் அதே தண்டனையை அனுபவிக்கும்.

செலவைப் பற்றிய மறுப்பை லேசாக ஒதுக்க முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடையில் 2022 நெருக்கடியில் ரூபாய் சரிந்து பாகங்களின் விலை எகிறியது, பெற்றோல் ஷெட்டில் நாள்கணக்கில் வரிசை. இருக்கிற வண்டியையே இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டிய ஐந்து ஆண்டுகள். அந்தக் காலத்தில் வேன் ஓட்டிப் பிழைத்த ஒருவர் கூலன்ட்டுக்குப் பதில் தண்ணி ஊற்றினார் என்றால் எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஆனால் கணக்கு அவருக்கும் அதே கணக்குத்தான். வளைந்த ஹெட்டைக் கழற்றி, இழைத்து, புதிய கெஸ்கட் போட்டு மூட ஆகும் காசில் பல ஆண்டுகளுக்கான கூலன்ட்டும் மூடிகளும் வந்துவிடும். வண்டி கராஜில் கிடக்கும் நாட்களின் ஹயர் இழப்பு அதில் சேரவில்லை. கூலன்ட்டுக்கு உண்மையிலேயே வழியில்லை என்றால் முதலில் மூடியை மாற்றுங்கள், ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் டோர்ச் அடித்துப் பார்த்து அங்கே சேர்ந்திருக்கும் பஞ்சு, பூச்சி, மண்ணைத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். அதற்குப் பீலித் தண்ணி தாராளமாகப் போதும்.

வழியில் ஊசி ஏறினால் என்ன செய்வது? ஊசி இருந்தால்தானே என்பீர்கள். பல சின்னக் கார்களில் இப்போது நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். ஊசி உள்ள கார்களிலும் பலவற்றில் அது 75 பாகையிலிருந்து 105 வரை நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள், ஆகவே நடுவைத் தாண்டி நகர்ந்தாலே விஷயம் முற்றிவிட்டது என்று பொருள். இன்னொரு ஏமாற்றும் உண்டு: தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சர் நீராவியில் தொங்கும், ஊசி கீழே இறங்கிவிடும். ஹீட்டர் போட்டால் குளிர்காற்று வந்து, ஊசியும் இறங்கினால் சந்தோஷப்படாமல் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். தண்ணீர் இருந்து சூடு மட்டும் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரங்கட்டுங்கள். மூடியை அந்த நேரத்தில் தொடவே கூடாது. உள்ளே 110 பாகையில் அழுத்தத்தால் மட்டுமே கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாகச் சீறும். துணி அதைத் தடுக்காது. முக்கால் மணி நேரமாவது பொறுங்கள். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிந்த பிறகு திறங்கள். அவசரத்துக்குப் பீலித் தண்ணி ஊற்றத்தான் வேண்டும் என்றால் ஊற்றுங்கள், ஊர் வந்து சேருங்கள், அந்த வாரமே வடித்துவிட்டுக் கூலன்ட் போடுங்கள். வடிப்பதைக் கானில் திறந்துவிட வேண்டாம். கிளைகோல் இனிக்கும் நஞ்சு, கீழே லயத்துக்காரர்கள் அதே ஓடையில்தான் பீலி வைத்திருப்பார்கள்.

நிரப்பும்போது உள்ளே காற்றுப் பை சிக்கினால் செய்ததெல்லாம் வீண். ரேடியேட்டர் கழுத்து சுற்றிலேயே உயரமான இடமாக இருக்கும்படி வண்டியின் மூக்கை மேட்டுப் பக்கம் பார்த்து நிறுத்த வேண்டும். சமதரை ஊர்களில் இதற்காக ஜெக் வைத்துத் தூக்குகிறார்கள். தலவாக்கலையில் வீட்டு வாசலிலேயே அந்த வசதி உண்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க மட்டும் மறக்காதீர்கள். மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் முழுவதும் திருப்பி, மெதுவாக நிரப்பி, எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது மறுபடி ஊற்றுங்கள். குமிழி வருவது நின்றதும் மூடியைப் போட்டு, விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திறந்து பாருங்கள். கழுத்துவரை நிறைந்திருந்தால் ஹட்டன் பக்கம் போய் வரலாம். குறைந்திருந்தால் மிச்சக் காற்று வெளியேறியிருக்கலாம், ஒருமுறை நிரப்புங்கள். பிறகும் குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, அந்த ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் முன்னால் போத்தலைத் தூக்காதீர்கள்.